மோதல் என்று எழுதுவதற்கு முன்

திருவதிகையில் சிவன் சிரித்தார், முப்புரமும் எரிந்தது என்கிறது தலபுராணம். திரிபுரம் எரித்தது என்றுதான் ஊரார் அதைச் சொல்கிறார்கள். சிவனுக்கும் அசுரர்களுக்கும் மோதல் என்று யாரும் சொல்வதில்லை. அதே ஊரில் 1750இல் பிரெஞ்சுப் படையும் ஆற்காட்டு நவாப் முகமது அலியின் படையும் பொருதின. இரு பக்கமும் ஆயுதம் ஏந்தி நின்றதால் அதை மோதல் என்றால் பொருந்தும். இந்த வேறுபாடு நம் செய்தித் தமிழில் மங்கிவிட்டது. அதைப் புரிந்துகொள்ள உதவும் ஆங்கிலச் சட்டச்சொல் ஒன்று உண்டு: அஃப்ரே (affray).

அதன் வேரில் சண்டையே இல்லை. அமைதி என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து, அமைதியைக் குலைத்தல், திடுக்கிட வைத்தல் என்ற பொருளில் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பயந்துபோனவரைக் குறிக்கும் 'அஃப்ரெய்ட்' இதன் உடன்பிறப்பு. ஆகவே, இந்தச் சொல்லின் கவலை அடிபட்டவரைப் பற்றியதல்ல, தெருவில் நின்று பார்த்தவரைப் பற்றியது. 1860இன் இந்திய தண்டனைச் சட்டம், 159ஆம் பிரிவில், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோர் பொது இடத்தில் சண்டையிட்டு அமைதியைக் குலைப்பது என்று இதை வரையறுத்தது. தண்டனை ஒரு மாதம் வரை சிறை அல்லது 100 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 194ஆம் பிரிவிலும் அதே வரையறைதான். அபராத வரம்பு மட்டும் 1,000 ரூபாய் ஆனது. வீட்டுக்குள் அடித்துக்கொண்டால் அது அஃப்ரே அல்ல. ஒருவர் திருப்பி அடிக்காமல் வாங்கிக்கொண்டே இருந்தாலும் அல்ல. சட்டத்துக்கு இந்த நுணுக்கம் தெரியும். 'இரு தரப்பினர் மோதல்' என்ற தலைப்புக்குத் தெரியாது.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரு குடிசைக்குள் ஒதுங்கிய தலித் விவசாயக் கூலிக் குடும்பத்தினர் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். அதையும் விவசாயிகள் மோதலாகச் சொன்ன செய்திகள் வந்தன. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளை வாக்காளர் பட்டியலைப் பார்த்துத் தேடி எரித்தார்கள். இன்றும் நம்மில் பலர் அதை 'இனக்கலவரம்' என்றே எழுதுகிறோம். பட்டியலோடு வருவது எந்த ஊர்க் கலவரம்?

முதல் நாளில் யார் தொடங்கியது என்று தெரியாது, பொதுச்சொல்லே பாதுகாப்பு என்பார்கள் செய்தி மேசையில் இருப்பவர்கள். நியாயம்தான். ஆனால் எத்தனை பேர் வந்தார்கள், யாருடைய தெருவுக்கு வந்தார்கள், யார் கையில் என்ன இருந்தது, யார் வீடு எரிந்தது என்பதெல்லாம் முதல் நாளே தெரிந்துவிடுகிறது.