மயங்கியவரின் மூச்சு யார் கையில்? தெரியுமா!

ஆபரேஷன் மேஜையில் நம் நாக்கே நமக்கு எமனாகலாம், தெரியுமா? மயக்க மருந்து ஏறியதும் தசைகள் தளரும். நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைக்கும். தசை தளர்த்தும் ஊசியும் போட்டால் மூச்சே நின்றுவிடும்! அந்த நேரத்தில் உயிரைப் பிடித்து வைத்திருப்பது சுண்டுவிரல் பருமனே உள்ள ஒரு குழாய்தான்.

அந்தக் குழாய் மூச்சுக்குழலுக்குள் நுழையும் வாசலில் இருப்பவை குரல்நாண்கள். தன் குரல்நாண்கள் அசைவதை 1854-லேயே கண்ணாரப் பார்த்தவர் மருத்துவர் இல்லை, பாட்டு வாத்தியார்! ஸ்பெயின்காரரான மானுவல் கார்சியா, பல் வைத்தியரின் குட்டிக் கண்ணாடியைத் தொண்டைக்குள் பிடித்து, சூரிய வெளிச்சத்தை அதில் பாய்ச்சிப் பார்த்தார்.

1878-ல் கிளாஸ்கோவில் வில்லியம் மெக்ஈவன், விழித்திருந்த நோயாளியின் மூச்சுக்குழலுக்குள் விரலால் தடவியே குழாயைச் செலுத்தி, அதன் வழியே குளோரோஃபார்ம் கொடுத்தார். அந்த நோயாளியின் துணிச்சலுக்கும் ஒரு சிலை வைக்கலாம்!

குழாய் போனால் போதுமா? அதைச் சுற்றியுள்ள இடைவெளி வழியே காற்று கசியும். எச்சிலும் ரத்தமும் நுரையீரலுக்குள் இறங்கும். அமெரிக்கரான ஆர்தர் கெடல் 1920-களில் குழாயின் நுனியருகே ஊதி உப்பவைக்கும் ரப்பர் பலூனைப் பொருத்தினார். மற்ற மருத்துவர்களை நம்பவைக்க என்ன செய்தார் தெரியுமா? தன் நாய்க்கு மயக்கம் கொடுத்து, பலூன் குழாயைப் பொருத்தி, தண்ணீர்த் தொட்டிக்குள் அமிழ்த்திக் காட்டினார்! ஒரு சொட்டுகூட உள்ளே போகவில்லை. விழித்தெழுந்த நாய் உடம்பை உதறிக்கொண்டு நடந்தது. அதன் பெயர் 'ஏர்வே', அதாவது மூச்சுவழி. இன்று குழாய் போட்ட கையோடு மருத்துவர் ஊதுவது அந்தப் பலூனின் வாரிசைத்தான்!

குழாய் போடும் வழியைப் பார்க்க உதவுவது லாரிங்கோஸ்கோப். ஆக்ஸ்ஃபோர்டின் ராபர்ட் மெக்கின்டோஷ் 1943-ல் அறிவித்த அதன் வளைந்த தகடு இன்றும் உலகெங்கும் புழக்கத்தில் இருக்கிறது. எண்பது வருடமாக!

என்னை மிகவும் வியக்கவைப்பவர் லண்டன் மருத்துவர் ஆர்ச்சி பிரெய்ன். குழாய் மூச்சுக்குழலுக்குள் நுழையாமல் அதன் வாசலிலேயே காற்று கசியாமல் மூடி உட்கார்ந்தால் என்ன என்று யோசித்தார். பிணங்களின் தொண்டையைப் பிளாஸ்டர் அச்செடுத்து வடிவத்தைப் படித்தார். பல் சிகிச்சையில் மூக்கில் வைக்கும் மாஸ்க்கின் ரப்பர் வளையத்தைக் குழாயோடு ஒட்டி, 1981-ல் முதல் மாதிரியைச் செய்தார். 1988-ல் விற்பனைக்கு வந்த 'லாரிஞ்சியல் மாஸ்க்' இன்று ஆம்புலன்ஸ் வரை போய்விட்டது!

குழாய் மூச்சுக்குழலில்தான் இருக்கிறதா, உணவுக்குழலில் போய்விட்டதா? வெளிவரும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளக்கும் கருவியின் திரை, ஒவ்வொரு மூச்சுக்கும் எழும்பும் அலையில் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்!

அடுத்த முறை ஆபரேஷனுக்குப் போகும்போது ஆடும் பல், கழற்றும் பல்செட், பலத்த குறட்டை, முன்பு குழாய் போடச் சிரமப்பட்ட அனுபவம் எதையும் மயக்க மருத்துவரிடம் மறைக்காதீர்கள். வெறும் வயிற்றோடு வரச் சொன்னால் ஒரு வாய் காபிகூடக் குடிக்காதீர்கள்.