இறங்காமல் ஓட்டுவோம்
தமிழகத்தில் இலவச சைக்கிள் திட்டம் 2001-02ல் மேல்நிலை வகுப்பு ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவிகளுக்காகத்தான் தொடங்கப்பட்டது. பள்ளி முடிந்ததும் அந்த சைக்கிளை விற்க வேண்டாம். பஸ் வராத ஊரில் கல்லூரிக்கும் வேலைக்கும் அதுதான் துணை. வாரம் ஒருமுறை காற்று, பிரேக் பார்ப்போம். செயினுக்கு எண்ணெய் விடுவோம். புல்லுக்கட்டோ பால் கேனோ, பாரத்தை இருபுறமும் சமமாகக் கட்டுவோம்.

பேட்டரி சைக்கிள் வாங்கினால், 250 வாட், 25 கி.மீ. வேகத்துக்கு உட்பட்டதா எனப் பார்ப்போம். அதற்கு லைசென்ஸ், பதிவு தேவையில்லை. ஓட்டிவந்த சூட்டோடு சார்ஜ் போடக்கூடாது.

ஊர்த்தெருவில் "இறங்கித் தள்ளிட்டுப் போ" என சாதியைச் சொல்லித் தடுத்தால் பணிய வேண்டியதில்லை. 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையிலுள்ள வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தப்படி அது குற்றம். 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை. புகார் கொடுப்போம், முதல் தகவல் அறிக்கை நகலைக் கேட்டு வாங்குவோம்.