வலைப்பின்னல் விளையாட்டுகளிற் சுணக்கமும் பின்னிழுப்பும்: மைன்கிராஃப்ற்றை முன்வைத்து ஒரு நோக்கு

வலைப்பின்னலின் வழியே பலர் கூடி ஆடும் உயிர்பிழைப்பு விளையாட்டுகளில் ஈடுபடுவோர் அனைவரும் அறிந்த ஓர் அனுபவம் உண்டு. ஆட்டக்காரர் முன்னோக்கி ஓடுகின்றார். சிறிது தூரம் சென்றதும், கண்ணுக்குத் தெரியாத கையொன்று பற்றி இழுத்தாற்போலப் புறப்பட்ட இடத்திலேயே மீண்டும் நிற்கின்றார். இழுத்து விடப்பட்ட இறப்பர் நாடா சுருங்குவதை இது ஒத்திருப்பதால் ஆட்டக்காரர் அதனை இறப்பர் நாடாவின் பெயராலேயே குறிப்பிடுவர். இக்கட்டுரையில் அது 'பின்னிழுப்பு' எனப்படும். செய்கைக்கும் அதன் விளைவுக்கும் இடையே ஏற்படும் காலதாமதத்தைச் 'சுணக்கம்' என்போம்.

இச்சிக்கலுக்கு வீடுகளிற் கையாளப்படும் பரிகாரம் பெரும்பாலும் பணஞ் செலவிடுவதாகவே உள்ளது. கூடிய வேகமுடைய இணைப்புக்கு மாதக் கட்டணம் உயர்த்தப்படுகின்றது. அல்லது புதிய கணனி வாங்கப்படுகின்றது. இரண்டின் பின்னரும் பின்னிழுப்புத் தொடர்வதைக் காண்கின்றோம். காரணம் எங்குள்ளது என்பதை அறியாமலே பரிகாரம் தேடப்பட்டமையே இதற்குக் காரணம். பின்னிழுப்பு ஒரு கோளாறு அன்று. வேறோரிடத்தில் நிகழ்ந்த கோளாறு திருத்தப்படுவதை நாம் கண்ணாற் காணும் கணம் அது. இவ்வேறுபாடு தெளிவானால் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டறிதல் கடினமன்று என்பதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. ஓர் உலகம், பல பிரதிகள்

பத்துப்பேர் ஒரு விளையாட்டில் இணைந்திருக்கும்போது அவர்கள் ஒரே உலகில் உலாவுகின்றனர் என்பது வெறுந் தோற்றமே. உண்மையில் அங்கு பதினொரு பிரதிகள் உள்ளன: ஒவ்வோர் ஆட்டக்காரரின் கணனியிலும் ஒன்று, சேவையகத்தில் ஒன்று. இவற்றுள் சேவையகத்திலுள்ள பிரதியே அதிகாரமுடையது. ஏனையவை அதனை ஒத்திருக்க ஓயாது முயல்கின்றன. ஆயினும் ஒரு கணமேனும் முற்றாக ஒத்திருப்பதில்லை.

இவ்வேற்பாடு எவ்வாறு தோன்றியது என்பது மனங்கொள்ளத்தக்கது. 1996 இல் வெளிவந்த குவேக் என்னும் விளையாட்டின் முதல் வடிவத்தில், ஆட்டக்காரரின் கணனி விசையழுத்தத்தைச் சேவையகத்திற்கு அனுப்பி, விடை வரும்வரை அவரது உருவத்தை அசைக்காது காத்திருந்தது. தொலைபேசி மொடெம் வழியாக இணைந்தோர் விசையை அழுத்தி, ஒரு கணம் கழித்தே தமது உருவம் நகர்வதைக் கண்டனர். அதே ஆண்டு டிசம்பரில் ஜோன் கார்மக் குவேக்வேர்ல்ட் என்னும் திருத்திய வடிவத்தை வெளியிட்டார். அதிற் கணனி விடைக்குக் காத்திராது. நிகழப்போவதை அனுமானித்து உருவத்தை உடனே நகர்த்தும். சேவையகத்தின் விடை அனுமானத்துடன் முரண்படின், உருவம் சரியான இடத்திற்கு மீள வைக்கப்படும். அனுமானம் பெரும்பாலும் சரியாகவே அமைவதால் ஆட்டக்காரர் சுணக்கத்தை உணர்வதில்லை. அது தவறும் வேளையிற் பின்னிழுப்பு நேர்கின்றது. ஆகவே பின்னிழுப்பை, காத்திருத்தலிலிருந்து விடுபட்டமைக்கு நாம் செலுத்தும் விலை எனலாம்.

இதன் அடியிலுள்ள கோட்பாடு விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1978 இல் லெஸ்லி லம்போட் வெளியிட்ட ஆய்வுக்கட்டுரை, ஒன்றுக்கொன்று தொலைவிலுள்ள கணனிகளுக்கிடையில் எது முன் நிகழ்ந்தது, எது பின் நிகழ்ந்தது என்பதை எப்போதும் துணிந்து கூறவியலாது என்பதைத் தெளிவுபடுத்தியது. பொதுவான 'இப்பொழுது' ஒன்று அவற்றுக்கு இல்லை. எனவே யாரேனும் ஒருவர் தீர்ப்புக் கூறவேண்டியுள்ளது. வலைப்பின்னல் விளையாட்டிலே அத்தீர்ப்பைச் சேவையகம் கூறுகின்றது.

2. துடிப்பும் காலமும்

சுவீடனைச் சேர்ந்த மார்க்கஸ் பேர்சன் தொடக்கிவைத்த மைன்கிராஃப்ற், 2011 நவம்பரில் முழு வடிவம் பெற்றது. அதனை வெளியிட்ட மொஜாங் நிறுவனத்தை 2014 இல் மைக்ரோசொப்ற் வாங்கியது. அதன் ஜாவா பதிப்பே ஈண்டு எடுத்துக்கொள்ளப்படுகின்றது.

மைன்கிராஃப்ற் சேவையகம் செக்கனுக்கு 20 துடிப்புகள் என்ற வீதத்தில் இயங்குகின்றது. அதாவது, ஒவ்வொரு துடிப்புக்கும் 50 மில்லிசெக்கன் உண்டு. அதற்குள் விலங்குகளின் நடமாட்டம், பயிர் வளர்ச்சி, நீரோட்டம், போர்க் காயம் ஆகிய அனைத்தும் கணிக்கப்படல் வேண்டும். கணிப்புக்கு 30 மில்லிசெக்கன் போதுமாயின் எஞ்சிய நேரம் சேவையகம் ஓய்ந்திருக்கும். 100 மில்லிசெக்கன் தேவைப்படின் செக்கனுக்கு 10 துடிப்புகளே நிகழும்.

அப்போது விளையாட்டின் காலமே நீண்டுவிடுகின்றது. விளையாட்டின் ஒரு நாள் என்பது 24,000 துடிப்புகள். முறையான வீதத்தில் அது 20 நிமிடங்கள். துடிப்பு பாதியாகக் குறைந்தால் அந்நாள் 40 நிமிடங்களாகும். ஆனால் ஆட்டக்காரரின் கணனி தன் வழமையான வேகத்திலேயே இயங்குகின்றது. பிரதிகள் முரண்படுவது இங்குதான். ஆட்டக்காரர் கல்லைத் தகர்த்து, அது இருந்த வெளியினூடாக நடக்கின்றார். சேவையகத்தின் கணக்கிலோ கல் இன்னும் உடையவில்லை. கல்லினூடாக ஒருவர் நடத்தல் இயலாதெனக் கண்டு அது அவரைப் பின்னிழுக்கின்றது; கல்லும் மீளத் தோன்றுகின்றது. ஆட்டக்காரர் தம் இணைப்பை நொந்துகொள்கின்றார். இணைப்பிலோ எக்குறையுமில்லை.

3. தூரமும் வரிசையும்

சேவையகம் சீராக இயங்கினும், செய்தி சென்று மீள நேரம் பிடிக்கின்றது. கண்ணாடி இழையினூடாக ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் செல்லும். கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்த்தூரத்தில் ஏறத்தாழ 2,700 கிலோமீற்றர். சென்று மீள ஆகக் குறைந்தது 27 மில்லிசெக்கன் தேவை. 8,000 கிலோமீற்றர் அளவிலுள்ள ஜேர்மனிக்கு 80 மில்லிசெக்கனும், 14,000 கிலோமீற்றர் அளவிலுள்ள அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு 140 மில்லிசெக்கனும் இயற்கை விதித்த கீழெல்லைகளாகும். வடங்கள் நேர்கோட்டிற் செல்லாமையால் உண்மை அளவுகள் இவற்றினும் கூடியவை. எவ்வளவு கட்டணஞ் செலுத்தினும் இவ்வெல்லையைக் கடக்கவியலாது. விரைந்தோடும் ஆட்டக்காரர் செக்கனுக்கு 5.6 கட்டித் தூரம் செல்வதால், 140 மில்லிசெக்கனில் அவர் முக்காற் கட்டித் தூரத்துக்குமேல் நகர்ந்துவிடுவார்.

எனினும் சீரான தாமதம் பெருந்தீங்கு விளைப்பதன்று. மாறிக்கொண்டேயிருக்கும் தாமதமே தீயது. அதற்கு இரு காரணங்கள் முக்கியமானவை. முதலாவது, பொதி இழப்பு. ஜாவா பதிப்புப் பயன்படுத்தும் ரி.சி.பி. என்னும் நெறிமுறை பொதிகளை வரிசை பிறழாது ஒப்படைப்பது. ஒரு பொதி வழியில் இழக்கப்படின், அது மீள அனுப்பப்பட்டு வந்துசேரும்வரை பின்வந்த பொதிகள் அனைத்தும் வாயிலிற் காத்திருக்கும். அதனாற்றான் உலகம் ஒரு கணம் உறைந்து, பின்னர் எல்லாம் ஒருங்கே பாய்ந்து வருவதைக் காண்கின்றோம்.

இரண்டாவது, வரிசை நெரிசல். வீட்டிலுள்ள ஒருவர் பெரிய கோப்பொன்றை மேலேற்றும்போது, ரவுட்டர் அனுப்பவியலாத பொதிகளைத் தன் நினைவகத்திற் சேர்த்துவைக்கின்றது. விளையாட்டின் சிறு பொதியும் அந்நீண்ட வரிசையின் இறுதியில் நிற்கவேண்டியதாகின்றது. பட்டை அகலம் என்பது வீதியின் அகலம். சுணக்கம் என்பது பயண நேரம். அகன்ற வீதியிலும் சந்தியிலே வாகனங்கள் தேங்கி நிற்றல் கூடும்.

4. காரணத்தைக் கண்டறியும் முறை

மேற்கூறியவற்றிலிருந்து கோளாறு மூன்று இடங்களில் ஒன்றிலேயே இருத்தல் கூடும் என்பது பெறப்படும்: ஆட்டக்காரரின் கணனி, இடைவழி, சேவையகம். அண்மையிலிருந்து சேய்மை நோக்கி, ஒவ்வொன்றாக விலக்கிச் செல்வதே முறையாகும்.

முதலிற் கணனி. ஆட்டக்காரர் நின்ற இடத்தில் நின்றபடியே பார்வையை மட்டும் இடமும் வலமும் திருப்புதல் வேண்டும். பார்வையைத் திருப்புவதற்குச் சேவையகத்தின் விடைக்காகக் கணனி காத்திருப்பதில்லை. எனவே அப்போதும் படம் வெட்டி வெட்டி அசையுமாயின், குறை தம் கணனியிலேயே உள்ளது. எப்-3 விசையை அழுத்தின் செக்கனுக்கு எத்தனை படங்கள் வரையப்படுகின்றன என்பதைக் காணலாம். 2012 இல் வந்த 1.3 பதிப்பு முதல், தனியாக ஆடும்போதும் கணனிக்குள்ளேயே ஒரு சேவையகம் இயங்குகின்றது. ஆதலால் தனி ஆட்டத்திலும் பின்னிழுப்பு நேரின் இணைப்பைச் சந்தேகிக்க வேண்டியதில்லை.

இரண்டாவது, இடைவழி. பிங் கட்டளையை முதலில் வீட்டு ரவுட்டருக்கும், பின்னர் சேவையகத்திற்கும் அனுப்பி ஒப்பிடுக. ரவுட்டருக்கான அளவே சில மில்லிசெக்கனிலிருந்து நூறுக்கு ஏறியிறங்கின், குறை வை-பை அலைகளில் உள்ளது. வடத்தால் இணைத்து மீளச் சோதித்தால் ஐயம் நீங்கும். ரவுட்டருக்கான அளவு சீராக இருந்து, யாரேனும் கோப்பை மேலேற்றும்போது மட்டும் சேவையகத்திற்கான அளவு உயரின் அது வரிசை நெரிசல். எந்நேரமும் உயர்ந்தே, ஆனாற் சீராக இருப்பின் அது தூரம். வழிகாண் கட்டளையைப் பயன்படுத்துவோர் ஓர் எச்சரிக்கையை மனங்கொள்ளல் வேண்டும்: இடையிலுள்ள ஒரு நிலையம் மட்டும் இழப்பைக் காட்டி, அதற்கு அப்பாலுள்ளவை இழப்பின்றி விடையளிப்பின் அது குறையன்று. அந்நிலையம் இத்தகைய வினாக்களுக்குக் குறைந்த முன்னுரிமையே அளிக்கின்றது என்பதே அதன் பொருள்.

மூன்றாவது, சேவையகம். பார்வை சீராகத் திரும்புகின்றது. பிங் அளவும் சீராக உள்ளது. ஆயினும் விலங்குகள் நின்று நின்று நடக்கின்றன. உடைத்த கல் மீளத் தோன்றுகின்றது. உடன் ஆடுவோர் அனைவரும் அதே வேளையில் முறையிடுகின்றனர். இவை துடிப்புக் குறைந்தமைக்கான அடையாளங்கள். 2023 டிசம்பரில் வந்த 1.20.3 பதிப்பு முதல், நிருவாகி 'டிக் குவெரி' என்னும் கட்டளையால் ஒரு துடிப்புக்குச் செலவாகும் சராசரி நேரத்தை அறியலாம். அது 50 மில்லிசெக்கனை விஞ்சின் வழக்கு முடிந்தது.

5. பரிகாரங்கள்

காரணம் தெளிந்தபின் பரிகாரம் எளிது. வை-பை குறைக்கு வடம். வரிசை நெரிசலுக்கு, மேலேற்றும் வேகத்தை இணைப்பின் கொள்ளளவுக்குச் சற்றுக் கீழே மட்டுப்படுத்தல். அல்லது கத்லீன் நிக்கல்ஸ், வான் ஜேக்கப்சன் ஆகியோர் 2012 இல் முன்வைத்த முறையில் வரிசையை ஒழுங்குபடுத்தும் ரவுட்டரைப் பயன்படுத்தல். தூரத்துக்கு அண்மையிலுள்ள சேவையகமன்றி வேறு மருந்தில்லை.

சேவையகத்தின் சுமையைக் குறைப்பதற்கு முதலிற் கருதத்தக்கது காட்சித் தூரம். அதன் இயல்பான அளவு 10. அதாவது ஒவ்வோர் ஆட்டக்காரரையும் சூழ்ந்து பக்கத்துக்கு 21 ஆக 441 நிலத்துண்டுகள். அதனை 6 ஆகக் குறைப்பின் 169 துண்டுகளே எஞ்சும். கணிப்புக்குரிய தூரத்தை வேறாகக் குறைக்கும் வசதி 2021 நவம்பரில் வந்த 1.18 பதிப்பிலிருந்து உண்டு. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கான விலங்குகளை அடைத்துவைத்தலும் பெருஞ்சுமை. உலகின் துடிப்பை ஒரே இழையிற் கணிப்பதாற் செயலியின் கருக்களைப் பெருக்குவதாற் பயன் குறைவு. ஒரு கருவின் வேகமே தீர்மானிக்கின்றது. வாடகைச் சேவையகம் பெறுவோர் இதனைக் கேட்டறிதல் நன்று.

6. முடிவுரை

சுணக்கத்தை ஆட்டக்காரரின் திறமைக் குறைவாகவோ, ஏழ்மையின் அடையாளமாகவோ கருதும் மனப்பாங்கு இளைஞரிடையே காணப்படுகின்றது. 'உனது இணைப்புச் சரியில்லை' என்னும் ஏளனத்துக்கு ஆளாவோர் பலர். ஆனால் மேலே கண்டவாறு, தாமதத்தின் ஒரு பகுதி புவியியலால் விதிக்கப்படுவது; சேவையகங்கள் எந்நாட்டில், எவருடைய வசதிக்காக நிறுவப்படுகின்றன என்பதைப் பொறுத்தது. இன்னொரு பகுதி, வாடகையை மீதப்படுத்த ஒரே செயலியைப் பலருக்குப் பங்கிடும் வணிகத்தைப் பொறுத்தது. இவற்றின் சுமை இறுதியில் ஆட்டக்காரரின் வீட்டுச் செலவுக் கணக்கிலேயே வந்து விழுகின்றது.

மைன்கிராஃப்ற் சேவையக மென்பொருளை எவரும் கட்டணமின்றிப் பெற்று இயக்கலாம். ஒரு விடுதியின் அல்லது ஆய்வுகூடத்தின் உள்வலையில், ஓரளவு வேகமுள்ள கணனியொன்றில் அதனை நிறுவும் மாணவர் தூரம் என்னும் காரணத்தை முற்றாக நீக்கிவிடுகின்றனர். துடிப்பின் அளவையும் தாமே கண்காணிக்கின்றனர். அளந்தறிந்தவரிடம் பயனற்ற வேகத்தை விற்பது எளிதன்று. இணைப்பை உயர்த்தும் விண்ணப்பத்தில் ஒப்பமிடுமுன் ஒரு முறை நின்று, பார்வையை இடமும் வலமும் திருப்பிப் பார்த்தல் நன்று.