ஓடையின் ஆக்சிஜன் எங்கே குறைகிறது?

கழிவு விழும் இடத்தில் ஆக்சிஜன் மிகவும் குறையும் என்றுதான் மாணவர்கள் முதலில் நினைப்பார்கள். உண்மையில் ஆக்சிஜன் அளவில் பள்ளம் விழுவது கீழே வெகுதூரம் தள்ளி. காரணம், ஒரே நேரத்தில் நடக்கும் இரண்டு வேலைகள்: பாக்டீரியா கழிவைத் தின்று ஆக்சிஜனைச் செலவழிக்கிறது, நீர்ப்பரப்பு காற்றிலிருந்து அதை ஈடுகட்டுகிறது. ஸ்ட்ரீட்டர், பெல்ப்ஸ் இருவரும் ஒஹையோ ஆற்றை ஆராய்ந்து 1925இல் வெளியிட்ட சமன்பாட்டின் கரு இதுவே.

திண்டுக்கல் அருகிலுள்ள காந்திகிராமத்துக் கோடையில், 30 டிகிரி வெப்பத்தில், நல்ல நீரில் லிட்டருக்குச் சுமார் 7.5 மி.கி. ஆக்சிஜன்தான் கரையும். ஓடைநீரில் கழிவு கலந்தபின் பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க பாக்டீரியாவுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன்) 20 மி.கி., சிதைவு வீதம் நாளுக்கு 0.3, மீள்சேர்க்கை 0.5 என்று ஒரு கற்பனைக் கணக்கு வைத்துக்கொள்ளலாம். 7.5இல் தொடங்கி, இரண்டரை நாளில் ஆக்சிஜன் 1.9 ஆகச் சரியும்; மீன்கள் திணறும். நீர் நாளுக்கு 10 கி.மீ. ஓடினால் அந்த இடம் 25 கி.மீ. கீழே.

இதே கணக்கை விரிதாளில் போட்டு, ஒவ்வொரு வரிசையையும் ஒரு நாளாக வைத்தால், மிகக் குறைந்த ஆக்சிஜன் 0.3 என்று வரும். தவறு ஓடையில் இல்லை, படியின் அகலத்தில்தான். நாளைப் பத்தாகப் பிரித்தால் விடை 1.9ஐ நெருங்கும். இதை மாணவர்கள் தாங்களே கண்டுபிடிக்க விடுவது நல்லது.

திண்டுக்கல் தோல் ஆலைக் கழிவுக்கு இந்தக் கணித மாதிரி மட்டும் போதாது. அதிலுள்ள குரோமியத்தை பாக்டீரியா தின்று தீர்க்காது. உப்பு, நீரில் ஆக்சிஜன் கரையும் அளவையே குறைக்கும். மழையில்லா மாதங்களில் அப்பகுதி ஆறான குடகனாறு குட்டைகளாகத் தேங்கும்போது, ஓடும் நீருக்கான சமன்பாடு அங்கே பொருந்தாது.