கள்ளி மடலில் வளர்த்த சிவப்பு

மெக்சிகோவின் வஹாக்கா நகருக்குப் போகிறவர்களில் பலர், சாந்தோ தொமிங்கோ தேவாலயத்தின் தங்கப் பூச்சை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சாப்பாட்டுக் கடை தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கும் தாவரத் தோட்டத்துக்குள்ளும் நுழைய வேண்டும். அங்கே கள்ளியின் தட்டை மடல்களில் வெள்ளைத் திட்டுகள் அப்பியிருக்கும். நம் வீட்டுச் செம்பருத்தியில் வரும் மாவுப்பூச்சிதானே என்று தோன்றும். தூரத்து உறவுதான். ஒன்றை நசுக்கினால் விரல் செக்கச் செவேலென்று ஆகிவிடும். இந்த ஊருக்குப் பணம் கொட்டியது அந்தச் சிவப்பில்தான்.

இது கொச்சினீல் பூச்சி. சாயத்துக்கு உதவுவது பெண் பூச்சி. குஞ்சாக இருக்கும்போதே மடலில் ஓர் இடம் பிடித்து உறிஞ்சுகுழலைச் செருகிவிட்டால், ஆயுள் முழுக்க அங்கேயே கிடை. ஆணுக்கு இறகு உண்டு, ஆயுசு சில நாள்தான். ஓடி ஒளிய முடியாத பெண்ணுக்கு, எறும்பு போன்றவற்றை விரட்டும் கார்மினிக் அமிலமே காவல். உலர்ந்த பூச்சியின் எடையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்த அமிலம், சாயமும் அதுதான். ஒரு கிலோ உலர்பூச்சி சேர ஒன்றரை லட்சம் பூச்சிகள் வரை வேண்டும்.

இதை ஏதோ காட்டில் பொறுக்கிய சரக்கு என்று நினைத்துவிடக் கூடாது. இப்பகுதியின் பழங்குடிகளான மிஸ்டெக், சபோடெக் விவசாயிகள் தலைமுறை தலைமுறையாக வளர்த்துத் தேர்ந்தெடுத்த பிராணி இது. காட்டுப் பூச்சியைவிடப் பெரியது, சாயமும் அதிகம். ஆனால் மேலே மெழுகுப் போர்வை மெலிந்துபோனதால் மழையும் குளிரும் தாங்காது. சினைப் பூச்சிகளைச் சிறு கூடுகளில் இட்டு மடலில் பொருத்த வேண்டும். மழைக்காலத்தில் மடலோடு வெட்டிக் கூரைக்குள் கொண்டுபோக வேண்டும். தின்ன வரும் புழுக்களைக் கையால் களைய வேண்டும். சுமார் மூன்று மாதத்தில் அறுவடை. இத்தனை நச்சு வேலை பெருந்தோட்டத்துக்குச் சரிப்படாது. ஸ்பானிய அதிகாரிகள் முன்பணம் கொடுத்துக் குடியானவர்களிடம் பூச்சியை வாங்கினார்கள், பல நேரம் கெடுபிடியாக. காலனிக்கால மெக்சிகோவின் ஏற்றுமதியில் வெள்ளிக்கு அடுத்த இடம் இதற்கு இருந்தது. பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்புக் கோட்டுக்கும் இந்தச் சாயம்தான்.

ஸ்பெயின் ரகசியம் காத்ததால், இது விதையா பூச்சியா என்று ஐரோப்பியர் வெகுகாலம் சண்டையிட்டார்கள். 1777-இல் தியெரி த மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் வஹாக்காவுக்கே வந்து, பூச்சி ஒட்டிய மடல்களைக் கடத்திக்கொண்டு போனார். சென்னையிலும் முயற்சி நடந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் இதற்கென்றே ஒரு கள்ளித் தோட்டம் போட்டார். 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தா வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது வேறோர் இனம், சாயம் மட்டம். அது பரவித் தென்னிந்தியாவில் ஒருவகைக் கள்ளியையே தின்று அழித்ததுதான் மிச்சம். பூச்சியைக் கடத்தலாம், அதை வளர்க்கத் தெரிந்த கையைக் கடத்துவது எப்படி?

19-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் செயற்கைச் சாயங்கள் வந்து இந்த வணிகத்தைக் கவிழ்த்தன. இன்று பூச்சி உற்பத்தியில் முன்னால் நிற்பது பெரு நாடு. சில இனிப்புகளின் உறையில் காணும் ‘ஈ120’ இதுதான், சைவக்காரர்கள் கவனிக்க.

வஹாக்காவில் இதை நெசவாகப் பார்க்க, கிழக்கே தியோதித்லான் தெல் வாயே என்ற சபோடெக் கிராமத்துக்குப் போக வேண்டும். உலர்பூச்சியைக் கல் அம்மியில் அரைத்து, படிகாரத்தில் ஊறிய கம்பளி நூலை அந்தச் சாயநீரில் முக்குகிறார்கள். எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் ஆரஞ்சுப் பக்கம் சாயும். காரம் சேர்த்தால் ஊதா. உள்ளங்கையிலேயே இதைச் செய்து காட்டுவார்கள், வித்தை போல இருக்கும். ஆனால் அந்தச் செப்படியில் மயங்கிப் பணப்பையைத் திறந்துவிட வேண்டாம். செயற்கைச் சாயக் கம்பளங்களும் அதே சுவரில்தான் தொங்குகின்றன. எது எந்தச் சாயம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விலை வித்தியாசத்தையும் பார்த்து வாங்குங்கள்.

பசித்தால் நகரத்துச் சந்தைக்குத் திரும்பலாம். மிளகாயும் சாக்லேட்டும் சேர்த்து அரைத்த கறுப்பு மோலே குழம்பு, உப்பும் எலுமிச்சையும் போட்டு வறுத்த வெட்டுக்கிளி, முள் சீவி வதக்கிய கள்ளி மடல் எல்லாம் அங்கே கிடைக்கும். மடலுக்கு லேசான புளிப்பு, வெண்டைக்காயின் வழவழப்பு. எனக்குப் பிடித்தது கள்ளிப்பழ ஐஸ்தான்.