மின்சார லொறியும் மாத்தளைச் சிற்றூர் வாணிபமும்

மாத்தளை மாவட்டத்திற் பல்லேபொல போன்ற ஊர்களின் வாழ்வு சுமையூர்திகளைப் பற்றி நிற்பது. மிளகும் தேங்காயும் காய்கறியும் விளைந்தவிடத்திலே விலை பெறுவதில்லை. மாத்தளைப் பட்டினத்துக்கோ, 1999ஆம் ஆண்டு தொடங்கிய தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கோ சென்றடைந்த பின்னரே அவை பணமாகின்றன. ஆகையால் டீசலின் விலை உயருந்தோறும் உழவனின் பங்கு குறைகின்றது. 2021ஆம் ஆண்டின் முடிவில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 யூன் மாதத்தில் 460 ரூபாவாயிற்று. அவ்விலைக்கும் அது கிடைத்திலது என்பதை அந்நாளில் எரிபொருள் நிலையங்களின் முன் இரவு பகலாகக் காத்திருந்த லொறிகள் காட்டின. மின்சாரத்தால் இயங்கும் வாணிப ஊர்திகளைப் பற்றிய ஆராய்ச்சி நமக்கு வேண்டுவதாயிருப்பது இக்காரணம் பற்றியே.

இவ்வகை ஊர்தி முற்றிலும் புதியதன்று. கொழும்பு வீதிகளில் 1899ஆம் ஆண்டு முதல் 1960ஆம் ஆண்டு வரை மின்சார றாம் வண்டிகளும், 1953 முதல் 1964 வரை மின்கம்பியைத் தலைமேற் பற்றியோடிய றொலி பஸ்களும் இயங்கின. இங்கிலாந்தில் வீடுதோறும் பால் கொண்டு சென்ற வண்டிகள் ஈய மின்கலங்களாலேயே ஓடின. குறுகிய தூரம், நாடோறும் ஒரே வழி, அடிக்கடி நிற்றல், ஓட்டம் முடிந்தபின் நீண்ட ஓய்வு என்னும் நான்கும் அப்பால் வண்டிகளுக்கு இயல்பாக வாய்த்தன. இன்றும் மின்னூர்தி ஒருவனுக்கு ஏற்றதா என்பதை அளக்க இவற்றினும் சிறந்த அளவுகோல் இல்லை.

டீசல் எந்திரம் தன்னுள் எரியும் எண்ணெயின் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கு அல்லது அதனினும் குறைந்த பங்கையே சில்லுகளுக்குச் சேர்க்கும். எஞ்சியது புகையாகவும் சூடாகவும் கழியும். மின்னோடியோ தான் பெற்ற ஆற்றலிற் பத்தில் எட்டுப் பங்குக்கு மேல் இயக்கமாக மாற்ற வல்லது. ஆயினும் ஒரு லீற்றர் டீசலில் ஏறக்குறைய பத்துக் கிலோவாற்று மணி ஆற்றல் அடங்கியிருக்க, அதே அளவை வைத்துக்கொள்ள வேண்டிய மின்கலம் அறுபது எழுபது கிலோகிராம் நிறையுடையதாகும். மின்சார லொறியின் குறைகள் பலவற்றுக்கும் வேர் இதுவே.

நம்மவர் 'டிமோ பட்டா' என அழைக்கும் சிறு லொறியை நோக்குக. இந்தியாவில் டாட்டா ஏஸ் எனப்படும் அவ்வினத்தின் மின்சார வடிவம் 2022ஆம் ஆண்டு அங்கு அறிமுகமாயிற்று. அதன் மின்கலம் 21.3 கிலோவாற்று மணி கொள்வது. சுமை 600 கிலோகிராம். சோதனையிற் கண்ட தூரம் 154 கிலோமீற்றர். சுமையும் ஏற்றமும் கூடிய வீதியில் அத்தூரம் குறையும் என்பது சொல்லாமலே விளங்கும். மாத்தளையிலிருந்து கொழும்பு ஏறக்குறைய 140 கிலோமீற்றர். ஆகவே கொழும்புச் சந்தைக்குச் சரக்கேற்றுபவனுக்கு இது உதவாது. தம்புள்ளைக்கும் மாத்தளைக்கும் ஓடுபவனுக்கு நன்கு உதவும். குறித்த நிறைக்கு மேலேற்றும் நம் பழக்கத்தை மட்டும் அவன் கைவிட வேண்டும்!

மலைநாட்டுக்கென்றே அமைந்த ஓர் அனுகூலமும் உண்டு. ஒரு தொன் நிறை ஆயிரம் மீற்றர் கீழிறங்கும்போது 2.7 கிலோவாற்று மணி ஆற்றல் வெளிப்படும். டீசல் லொறி இதனைப் பிறேக்கின் சூடாக வீணாக்கும். மின்னூர்தியிலோ மின்னோடியே மின்னாக்கியாக மாறி அதில் ஒரு பகுதியைக் கலத்துக்கு மீட்கும். நுவரெலியாவின் காய்கறி தம்புள்ளைக்கு 1,600 மீற்றருக்கு மேல் இறங்கி வருகின்றது. சுமையோடு இறங்கி வெறுமையாய் ஏறும் வண்டிக்கு இதனினும் வாய்ப்பான வழி வேறெது? சுவிற்சர்லாந்தில், மலைமேலுள்ள சுண்ணக்கல் அகழியிலிருந்து சீமெந்து ஆலைக்குக் கல் இறக்கும் பெரிய மின்சார லொறியொன்று, இறங்கும்போது பெறும் மின்சாரத்தைக் கொண்டே மீண்டும் ஏறிவிடுகின்றது.

இனி, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகின்றது? மகாவலியின் நீர் பொல்கொல்லையிற் திருப்பப்பட்டு, குகைவழியே உக்குவலையை அடைந்து மின்சாரமாகி, பின்னர் போவத்தென்னையிலும் மின்சாரமாகின்றது. இவ்விரு நிலையங்களும் நமது மாவட்டத்திலேயே உள்ளன. எனினும் மழை பொய்த்த காலத்தில் நுரைச்சோலையின் 900 மெகாவாற்று நிலக்கரி நிலையமே பெருஞ்சுமை தாங்குகின்றது. முழுவதும் நிலக்கரியால் ஆன மின்சாரத்தில் ஓடும் சிறு லொறியின் கரிவாயுக் கணக்கு, டீசல் லொறியினதைவிடப் பெரிதும் குறைந்ததன்று. வீதியிற் புகையில்லை என்பது உண்மையே; புகையே இல்லை என்பது விளம்பரம்.

டொலர்த் தட்டுப்பாடு டீசலை மட்டும் நிறுத்தவில்லை என்பதையும் மறத்தலாகாது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு நிலவியது. மின்லொறி வைத்திருந்தவனும் அன்று காத்தேயிருந்திருப்பான். ஆயினும் எஞ்சிய பதினொரு மணி நேரத்தில் தன் வீட்டிலேயே ஓரளவு மின்னேற்றியிருப்பான்.

2020இல் நிறுத்தப்பட்ட ஊர்தி இறக்குமதி, சுமையூர்திகளுக்கும் 2025 பெப்ரவரியில் மீண்டும் திறந்தது. ஆயின் சிறு வணிகன் ரொக்கம் கொடுத்து வாங்குபவனல்லன். லீசிங்கில் மாதாமாதம் கட்டுபவன். மின்னூர்தியின் செலவிற் பெரும்பகுதி முதல் நாளிலேயே விழுந்துவிடுகின்றது. சேமிப்போ கிலோமீற்றர் கிலோமீற்றராகவே சேர்கின்றது. நாடோறும் ஓடாத வண்டிக்கு அது சேராமலே போகும். ஆண்டுதோறும் கொள்ளளவு தேயும் மின்கலத்தை மாற்றும் செலவு, பழைய வண்டியின் மறுவிற்பனை விலை, ஊர்க் கராச்சில் அதைப் பழுதுபார்க்கத் தெரிந்தவர் இல்லாமை ஆகியவையும் அவனைத் தயங்கச் செய்வன. அத்தயக்கம் அறியாமையன்று, கணக்கு.

மின்னேற்றும் நேரமே இவ்வாராய்ச்சியில் மிகவும் சுவையான சிக்கல். வீட்டுப் பதினைந்து அம்பியர் இணைப்பில் மேற்கூறிய மின்கலம் நிரம்ப ஏழு மணி நேரமளவு செல்லும். இரவு 10.30 முதல் காலை 5.30 வரையுள்ள மலிவுக் கட்டண நேரமும் சரியாக ஏழு மணியே. ஆனால் காய்கறி லொறிகள் பெரும்பாலும் ஓடுவதும் அவ்விரவிலேதான்! பகலில் அவை நிற்கும். பகலிலேயே சூரிய மின்சாரம் மிகுதியாகவும் கிடைக்கின்றது. 2025 ஏப்பிரல் புத்தாண்டு விடுமுறையில், தேவை குறைந்ததால், கூரைச் சூரிய மின்தொகுதிகளை நிறுத்திவைக்குமாறு மின்சார சபையே உரிமையாளரைக் கேட்டுக்கொண்டது. அவ்வாறு வீணாகும் பகல் மின்சாரத்தைக் குறைந்த கட்டணத்தில், தம்புள்ளைச் சந்தையின் லொறித் தரிப்பிடத்திலும் பல்லேபொல போன்ற ஊர்களின் கடைத்தெருக்களிலும் கிடைக்கச் செய்தால், வணிகனின் கணக்கு வேறாகும். அதுவரையில் முச்சக்கர வண்டிக்காரரும், பாண், பால், தபாற் பொதி முதலியவற்றை ஊருக்குள் பகலிற் கொண்டுசென்று இரவில் வீடு திரும்புவோருமே மின்னூர்தியை அச்சமின்றி வாங்கத்தக்கவர்.