இரண்டாம் திரையில் கோடுகள் ஏன்?



பிள்ளைகளின் படிப்புக்காக மடிக்கணினியுடன் இன்னொரு திரையையும் இணைத்து வைக்கிறோம். ஒருநாள் அதில் படம் நடுங்குகிறது, கோடுகள் ஓடுகின்றன. "திரை போய்விட்டது" என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தைச் செலவழிக்குமுன் கோளாறு எங்கே என்று பார்த்துவிடுவோமே!

முதலில், திரையின் விளிம்பிலுள்ள பொத்தானை அழுத்துவோம். வெளிச்சம், நிறம் ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்கும் பட்டியல் தோன்றும். அது கணினியிலிருந்து வருவதன்று. திரை தானே எழுதிக் காட்டுவது. பின்னால் படம் ஆடும்போதும் பட்டியல் ஆடாமல் தெளிவாக நின்றால், பெரும்பாலும் திரை நலமாக இருக்கிறது என்று பொருள். பட்டியலும் சேர்ந்து நடுங்கினால் திரையிலோ அதற்கு வரும் மின்சாரத்திலோ குறை இருக்கலாம்.

அடுத்தது கேபிள். 15 ஊசிகள் கொண்ட பழைய விஜிஏ கேபிளானால், இரு முனைகளிலுமுள்ள திருகுகளை இறுக்க வேண்டும். அது தளர்ந்தால் நிறம் மாறும், நிழல் விழும். எச்டிஎம்ஐ கேபிளில் குறையிருந்தால் புள்ளிகள் மின்னும்; படம் திடீரென மறைந்து திரும்ப வரும். அதைக் கழற்றி அழுத்தமாகச் செருகிப் பார்ப்போம். சரிவராவிட்டால், பக்கத்து வீட்டுக் கேபிளை இரவல் வாங்கிப் போட்டுப் பார்ப்போம். கேபிளின் விலை திரையின் விலையில் சிறு பங்குதான்.

விஜிஏ திரையில் அகலமான பட்டைகள் மெதுவாக மேலோ கீழோ நகர்ந்தால், மின்சார வழியையும் சந்தேகிக்க வேண்டும். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றி, பேட்டரியில் ஓட விடுவோம். பட்டைகள் மறைந்தால் குறை அந்த வழியில்தான் வருகிறது. கணினிக்கும் திரைக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் குணமாகும். ஆனால், பட்டையைப் போக்குவதற்காக மூன்று கால் பிளக்கின் எர்த் தொடர்பை ஒருபோதும் துண்டிக்கக் கூடாது. அது நம் உயிரைக் காக்கும் கம்பி. திரையின் முதுகையும் திறக்கக் கூடாது. சுவிட்சை அடைத்த பிறகும் உள்ளே சில பாகங்களில் மின்சாரம் தங்கியிருக்கும்.

ஒன்றை நினைவில் வைப்போம், நேயர்களே: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றினால், படம் சீரானாலும் கோளாறு எதில் இருந்தது என்பது தெரியாமலே போய்விடும்.